மாப்பிள்ளையின் தூக்கம்

ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி இழுத்தேன், வரவில்லை. உள்ளேயிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

கார் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. விசில் பட்டறை முழுக்கக் கேட்டது, மூச்சு விடாத ஒரே இழுப்பாக.

என் தங்கை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"இன்னிக்கே சரி பண்ணிடுண்ணா. பகல்ல வண்டிய எடுத்தா அவர் முழிச்சுக்கிறார்."

மாப்பிள்ளைக்கு இரவு வேலை. வண்டியை எடுத்துக்கொண்டு போவார், இவளை உள்ளே விட்டு வீட்டை வெளியே பூட்டிவிட்டுப் போவார். கேட்டால், காலம் கெட்டுக் கிடக்கிறது என்பார். காலையில் வந்து படுத்தால் மதியம் வரை தூக்கம். அந்த அறை ஜன்னலுக்குக் கீழேதான் வண்டி நிற்கும். தூக்கத்தில் எழுப்பினால் அவர் கைதான் பேசும்.

எழுப்பாவிட்டாலும் பேசும். அதெல்லாம் எனக்குத் தெரியும்.

போன வருஷம் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டு நாள் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் நானே கொண்டுபோய் விட்டேன். போகப்போகச் சரியாகிவிடும் என்றேன். மாப்பிள்ளை வாசலிலேயே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து நான் அவருக்கு நல்லவன். தங்கையைத் தனியாக வெளியே அனுப்புவதென்றால் என் பட்டறைக்கு மட்டும்தான். அதுவும் மகளை வீட்டில் தன்னோடு நிறுத்திக்கொண்டு.

வருத்தப்பட்டாயா என்றால், பட்டேன். ஒரு வாரம். அப்புறம் மரத்துவிட்டது. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி, கடித்தாலும் தெரிவதில்லை.

இந்த விசிலைப் பற்றியும் இரண்டு மாதம் முன்பே போனில் சொன்னாள். பெல்ட்டாக இருக்கும், ஓடட்டும் என்றேன். வண்டியைப் பார்க்காமலே சொன்ன வைத்தியம். இன்று பெல்ட்டில் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன், சத்தம் துளி மாறவில்லை.

ஆயில் அளவு பார்க்கும் கம்பியை விரலளவு வெளியே இழுத்தேன்.

விசில் நின்றது. தங்கை தலை நிமிர்ந்தாள். கம்பியைத் திரும்பச் சொருகினேன், திரும்ப விசில்.

இன்ஜினுக்கும் மூச்சு உண்டு. உள்ளே சேரும் புகையை அளவாக உறிஞ்சி எடுக்க ஒரு வால்வு, அதற்குள் ஒரு பிஸ்கட் அகலத்துக்கு ரப்பர் சவ்வு. அது கிழிந்தால் அளவு தெரியாமல் உறிஞ்சும். வெளிக்காற்று சீல் இடுக்கு வழியாகப் புகுந்து ஊளையிடும். இப்படியே இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம், வண்டி நின்றுவிடாது.

"அவசரம் ஒண்ணுமில்லம்மா, பார்ட் நாளைக்கு வாங்கிக்கலாம்" என்றேன்.

"இன்னிக்கு" என்றாள், டம்ளரைப் பார்த்தபடி.

சரியென்று தெருமுனைக் கடையில் வாங்கி வந்து மாட்டினேன். ஆறு ஸ்குரூ, இருபது நிமிஷ வேலை. வண்டி பூனை மாதிரி ஆகிவிட்டது.

கழற்றிய பழைய சாமானை டிக்கியில் போட்டு அனுப்புவது எங்கள் தொழிலில் வழக்கம். புதுசுதான் மாட்டினோம் என்பதற்கு அத்தாட்சி. மாப்பிள்ளை அதையெல்லாம் எடுத்துப் பார்க்கிற ஆள்.

டிக்கி துடைத்து வைத்தாற்போல் காலியாக இருந்தது. வால்வு உருளாமல் இருக்கட்டும், ஸ்டெப்னி டயரின் நடுவில் வைப்போம் என்று தரைவிரிப்பைத் தூக்கினேன்.

ஸ்டெப்னி இல்லை.

அந்த வட்டப் பள்ளத்தில் சுருட்டிச் சுருட்டி அடுக்கிய துணிகள். முக்கால்வாசி சின்னப் பெண்ணின் உடுப்புகள். ஒரு பிளாஸ்டிக் உறையில் பள்ளிக்கூடக் காகிதங்களும் பிறப்புச் சான்றிதழும். நடுவில் கொஞ்சம் இடம் விட்டிருந்தாள், கடைசி நிமிஷத்தில் வைக்க வேண்டிய எதற்கோ.

திரும்பினேன். ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றிருந்தாள். அவள் முகத்தில் பயம் இருந்தது. மாப்பிள்ளை அங்கே இல்லை, நான்தான் இருந்தேன்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு ஏதோ ஒன்றாவது இருந்தது.

விரிப்பை மூடி, மூலைகளை அழுத்திவிட்டேன். வால்வை முன்சீட்டில் வைத்தேன்.

ஸ்டெப்னி இல்லாமல் ஓட வேண்டிய வண்டி. பின்பக்க டயர் ஒன்று மொட்டையாகியிருந்தது. புதுசு போட்டால் அவர் கண்ணை உறுத்தும். பழசிலேயே நல்லதாக ஒன்று தேடி மாற்றினேன். நான்கிலும் காற்று பார்த்தேன். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டேன். எங்கே போகப் போகிறாள் என்று கேட்கவில்லை. தெரிந்தால் நான் சொல்லிவிடுகிற ஆள்.

பிறகு அவளை டிக்கி அருகே கூப்பிட்டு, பக்கவாட்டுத் தட்டிக்குப் பின்னால் கையை விடச் சொன்னேன்.

"இந்த வயர இழுத்துட்டா ரிவர்ஸ் எடுக்கிறப்ப கத்தாது. இப்ப வேணாம். அவர் படுத்தப்புறம் இழு."

அவள் கையை உள்ளே விட்டாள். ஒரு முறை வயரை இழுத்தாள், திரும்ப மாட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை செய்து பார்த்தாள். டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பினாள். வண்டி தெருவில் திரும்பியது கேட்கவே இல்லை.

கை கழுவிக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை போன் செய்தார்.

"மச்சான், இனிமே சத்தம் வராதுல்ல?"

"வராது மாப்பிள்ளை. நிம்மதியா தூங்குங்க."