சுவரில் வைத்த ஸ்டெதாஸ்கோப்

பேத்தி ரங்கிமாரியின் இருமலுக்காகத்தான் டாக்டரை வரச்சொன்னோம். ஆக்லாந்தின் தென்கோடியில் இருக்கும் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்த டாக்டர் ஹுயா, குழந்தையைப் பார்த்து முடித்ததும் ஸ்டெதாஸ்கோப்பைச் சுவரில் வைத்தாள். அவளும் எங்களைப்போல நியூசிலாந்தின் பூர்வகுடியான மாவோரிப் பெண்தான். என்னைத் தாத்தா முறை வைத்து 'கோரோ' என்றே அழைத்தாள்.

"ஏம்மா, சுவருக்குமா இருமல்?" என்றேன்.

"இப்பெல்லாம் வீட்டையும் நோயாளியா சேர்த்துக்கிறோம், கோரோ."

"எங்க வீட்டுல ஒரு குறையும் கிடையாது."

அவள் சுவரோரமாகவே நகர்ந்து என் அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்றாள். இறந்தவர் படம் என்பதால் தொடாமல் காத்திருந்தாள். பின்னால் சுவரில் இருக்கும் கறுப்புப் பூஞ்சை விருந்தாளிகள் கண்ணில் படக்கூடாது என்றுதான் படத்தை அங்கே மாட்டியிருந்தேன்.

ரங்கிமாரி மறுபடி இருமினாள். நானே படத்தை இறக்கினேன்.

டாக்டர் அந்தப் பூஞ்சைமேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் காதுகொடுத்துக் கேட்டாள்.

"சரி, என்ன சொல்லுது?"

"ரொம்ப நாள் நோய், கோரோ. இது குணமாகிற வரைக்கும் நீங்க ஈரமில்லாத வேற வீட்டுல இருக்கணும். செலவு வீட்டுக்காரரோடது. உங்க அப்பா எந்த நோயில போனாரு?"

"நெஞ்சு பலவீனம். எங்க பரம்பரை ரத்தமே அப்படின்னாங்க."

"எந்த வீட்டுல இருந்தாரு?"

"இதே வீட்டுலதான்."

இருவரும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் வீட்டின் நோயை எழுதத் தொடங்கினாள். நான் படத்தை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டேன்.

"அதுல இவரையும் சேர்த்து எழுதும்மா."