வழக்கம்போல பதினைந்து

செந்தாமரையின் வேலையே விசித்திரமானது. ரத்தத்தில் ஆன்டிபயாடிக் அளவு சரியாகப் பதினைந்து இருக்கும்படி தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு, நோயாளிபோல ஆய்வகம் ஆய்வகமாகப் போய் விரலை நீட்ட வேண்டும். இயந்திரம் பதினைந்து காட்டினால் அந்த ஆய்வகம் பாஸ்.

அன்று போன ஆய்வகத்தில் அவள் குட்டு எப்போதோ உடைந்திருந்தது. ஊழியன் ஞானசேகர் காபியோடு வரவேற்றான். விரலில் குத்திய கையோடு, திரையைப் பார்க்காமலே 'பதினைந்து' என்று எழுதினான்.

"இந்த மிஷினை நம்பித்தானே வார்டுல மருந்து ஏத்துறாங்க, தம்பி?" என்றாள் அவள்.

"உங்களுக்கு எப்பவும் பதினஞ்சுதானேக்கா!"

"நான் முழுகாம இருக்கேன். மாத்திரையை நிறுத்திப் பத்து நாளாச்சு."

ஞானசேகர் பதறிப்போய்த் திரையைப் பார்த்தான்.

'வாங்கக்கா! வழக்கம்போல பதினைந்து' என்று பல்லை இளித்தது இயந்திரம்.