இனிக்காத சர்க்கரை

மருமகளுக்கு நடந்த அநியாயம் இதுதான்: எலுமிச்சை ஜூஸ் இனிக்கவில்லை என்பதற்காக அவளைத் திருடி என்றார்கள்.

நேரடியாக இல்லை. படித்த குடும்பம். ஜாடையாகத்தான் சொன்னார்கள்.

"என் கண்ணு முன்னாடிதான் ரெண்டு ஸ்பூன் போடறா. வாயில வெச்சா சப்புனு இருக்கு. அது என்ன சர்க்கரையோ!" என்றார் மாமனார். சோபாவில் சாய்ந்திருந்தார், கால் புண்ணில் கட்டு.

அவருக்குச் சர்க்கரையே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாமனார் அந்த மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார். "போடறதை நான் பாக்கணும்" என்பது அவர் உத்தரவு. மருமகளும் தினமும் அவர் எதிரிலேயே போட்டுக் கொடுத்தாள்.

ஆச்சரியம் என்னவென்றால் புண் ஆறிக்கொண்டு வந்தது. சோபாவிலிருந்து பால்கனி வரை தான் நடக்கும் நடைதான் காரணம் என்று மாமனார் போனில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மட்டமான சரக்கா வாங்கிப் போடறா போல. நல்ல சர்க்கரை எங்க போகுதோ!" என்றாள் மாமியார்.

"எங்க போகும்? பொறந்த வீடு அடுத்த தெருதானே. நடந்தே போயிருக்கும்" என்றார் மாமனார்.

மருமகள் வாய் திறக்கவில்லை. திறந்தால் எதிர்த்துப் பேசுகிறாள். திறக்காவிட்டால் திருட்டு முழி. வசதியான ஏற்பாடு. அவள் புருஷன் வழக்கம்போல ஆபீசில் இருந்தான்.

மாமனார் போனை எடுத்தார். "சம்பந்தியை வரச் சொல்றேன். பொண்ணை வளத்த லட்சணத்தை அவரே வந்து பாக்கட்டும்."

அப்போதுதான் அவள் முகம் வெளுத்தது. "மாமா, அப்பாகிட்ட மட்டும் சொல்லாதீங்க. திருட்டுன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தா அவர் தாங்க மாட்டார்."

"நீங்க எதுக்கு அண்ணி கெஞ்சறீங்க?" கல்லூரியில் படிக்கும் நாத்தனார் அறையிலிருந்து பாய்ந்து வந்தாள். கையில் சின்ன டார்ச் போல ஒரு கருவி. "அப்பா, போனை வைங்க. இதுல ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்துல பாத்தா எவ்வளவு சர்க்கரைன்னு நம்பராவே தெரியும். காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு இதுலதான் அளக்கறேன். வீட்டுல இருக்கற எல்லாத்தையும் அளந்துடுவோமா?"

"அளந்துக்கோ. எனக்கென்ன பயம்?"

சாப்பாட்டு மேஜையில் கிளாஸ்கள் வரிசையாக ஆஜராயின.

"கோலா. நூத்துக்குப் பதினொண்ணு."

"விஷம்டி, விஷம்!" என்றாள் மாமியார்.

"பாக்கெட் மாம்பழ ஜூஸ். பதினாலு."

"என்ன இருந்தாலும் அது பழம்."

"உடம்புக்கு நல்லதுன்னு நீ தினமும் பிழிஞ்சு குடிக்கிற திராட்சை ஜூஸ். பதினாறு."

"இயற்கையா இருக்கறதெல்லாம் கணக்குல வராது" என்று மாமியார் அங்கேயே சட்டத்தைத் திருத்தினாள்.

கடைசியாக மாமனார் பாதி குடித்து வைத்திருந்த எலுமிச்சை ஜூஸ். நாத்தனார் மேலாக ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தாள். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். குரல் இறங்கியது.

"ரெண்டு."

"கேட்டியா? உன் விஞ்ஞானமே சொல்லிடுச்சு!" மாமனார் மறுபடி போனை எடுத்தார்.

"இருங்கப்பா. ரெண்டு ஸ்பூன் விழுந்ததை நீங்களே பாத்தீங்க. விழுந்தது எங்க போச்சு?"

கிளாஸை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். அடியில் நாலைந்து விதைகள். அவற்றுக்குக் கீழே மணல் போல வெள்ளையாக, கரையாமல் ஏதோ. ஸ்ட்ராவை அடிவரை விட்டு ஒரு சொட்டு எடுத்தாள். இந்த முறை கருவியில் எண்ணே போதவில்லை.

"இங்கதான்பா இருக்கு அத்தனையும்! கலக்கவே இல்ல. விதை வாயில வரும்னு நீங்க கடைசி மடக்கை எப்பவும் மிச்சம் வெச்சிடுவீங்க. எப்படி இனிக்கும்?"

அந்த வீட்டில் கிளாஸின் அடியைப் பார்க்கும் பழக்கம், அதைக் கழுவுகிற ஒருத்திக்கு மட்டும்தான் உண்டு.

மாமியார்தான் முதலில் சுதாரித்தாள். "பாத்தீங்களா? ஒரு கலக்கு கலக்கக்கூட இவளுக்கு உடம்பு வணங்கல!"

வழக்கு மாறிவிட்டது. குற்றவாளி மாறவில்லை.

மாமனார் போனைக் கீழே வைத்தார். "ஏம்மா, மறந்து போயிட்டியா, இல்ல தெரிஞ்சேதான் கலக்காம கொடுத்தியா?"

மருமகள் முதல் முறையாக நிமிர்ந்தாள்.

"தெரிஞ்சேதான் மாமா. டாக்டர் உங்க உடம்புல சேரக்கூடாதுன்னார், நீங்க கிளாஸ்ல போட்டே ஆகணும்னீங்க. ரெண்டு பேர் பேச்சையும் கேட்டேன். ஒரே ஒரு பயம்தான் இருந்தது, என்னைக்காவது நீங்களே எழுந்து போய் ஒரு ஸ்பூன் எடுத்துட்டு வந்து கலக்கிடுவீங்களோன்னு. அப்புறம் நினைச்சுப் பாத்தேன்... இந்த வீட்டுல அப்படி ஒரு ஆபத்து வரவே வராதுன்னு தைரியமாயிட்டேன்."