தண்ணீர் இல்லாத இடம்

“குழி வெட்டுறதக் கொஞ்சம் நிறுத்துங்க அண்ணே. அதிர்வு இருந்தா மெஷின் தப்பாக் காட்டும்.”

கிளீட்டஸ் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

கல்லறைத் தோட்டத்தின் நடுவே, முக்காலித் தட்டில் இருந்த ஈர்ப்புமானியைக் குனிந்து பார்த்தாள் இந்துஜா.

கடலோரக் கிணறுகளெல்லாம் உப்பாகிப் போனதால், ஊருக்கு வடக்கே குளம் வெட்டி, மழைக்காலத்துக் கால்வாய்த் தண்ணீரை மணலுக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். குளத்துக்கு இடம் சொன்னவள் அவள்தான். அடியில் தண்ணீர் சேரச் சேர, மேலே புவியீர்ப்பு இம்மியளவு கூடும். அதை அளந்தால் தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

எண் கூடியிருந்தது.

தன்னையறியாமல் சிரித்துவிட்டாள்.

“முடிஞ்சுதா?” என்று கேட்டுவிட்டு கிளீட்டஸ் குழிக்குள் இறங்கினார். சளக்கென்று சத்தம். வாளி வாளியாகக் கலங்கல் தண்ணீர் மேலே வந்தது.

“இது ரெண்டாவது குழி. இடுப்பளவுகூடத் தோண்டல, அதுக்குள்ள ஊறுது. போன வருசம் இதே எடத்துல மணலு காஞ்சு கெடந்துச்சு.”

இந்துஜா திரையை அணைத்தாள். சற்று முன் சிரித்ததை யாராவது பார்த்திருப்பார்களோ என்று திரும்பினாள்.

பார்த்திருந்தாள். பூவரசு நிழலில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வந்தாள். அழுது வீங்கிய கண்கள். செசிலி. குழி அவளுடைய புருஷன் சிலுவைதாசனுக்கு.

“மண்ணுக்கடில தண்ணி எங்க கெடக்குண்ணு இது சொல்லுமாமே. தண்ணி இல்லாத எடம் ஒண்ணு காட்டித் தருவியா மக்கா?”

இத்தனை வருடத்தில் எல்லோரும் இந்துஜாவிடம் கேட்டது தண்ணீர் உள்ள இடத்தைத்தான்.

மேற்கு மதிலோரம் கொஞ்சம் மேடு. அங்கே எண் கூடவில்லை. காலையில் அதற்காக வருத்தப்பட்டிருந்தாள். இப்போது கையை நீட்டி அதைக் காட்டினாள்.

சிலுவைதாசனின் அப்பனும் அம்மையும் இந்தப் பக்கம் கிடக்க, அவன் மட்டும் அங்கே தனியாக. செசிலி சரியென்று தலையாட்டினாள். கிளீட்டஸ் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

இனி பேசாமல் போய்விடலாம். பெட்டியைப் பூட்டினாள். பிறகு செசிலியின் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, இது நாங்க எறக்கின தண்ணி. குளத்துக்கு எடம் சொன்னது நான்தான்.”

செசிலி திட்டவில்லை. குனிந்து வாளிக்குள் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். மறுபடியும் ஒருமுறை வைத்துப் பார்த்தாள்.

“உப்பு இல்ல.”

நீளமாக மூச்சு விட்டாள்.

“நேத்துதான் கடலு அவரு ஒடம்பக் கரைல கொண்டுவந்து போட்டுச்சு. அவரத் திருப்பிக் கேட்டு அந்தக் கடலு இங்கயும் வந்துட்டோண்ணு பயந்துட்டேன் மக்கா.”