கத்தரிக்குப் பூட்டு

பீரோவின் பூட்டு உடைந்து தரையில் கிடந்தது. பக்கத்திலேயே சுத்தியல்.

டெய்லருக்குப் பகீரென்றது. உள்ளே நகைநட்டு ஒன்றும் இல்லை. அவருடைய கத்தரிக்கோல்கள்தான் இருந்தன. துழாவிப் பார்த்தார். துணி வெட்டுகிற பெரிய கத்தரியைக் காணோம்.

கத்தரிக்கோலைப் பூட்டி வைக்கிற டெய்லர் உலகத்திலேயே இவர் ஒருத்தராகத்தான் இருப்பார். எல்லாம் பத்து வயது மகளுக்காக. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் அவள் தேம்பிக்கொண்டே வந்து நின்றாள்.

"அப்பா, கத்தரியைப் பார்த்தாலே பாப்பாவைக் குத்திடுவேனோன்னு தோணுது. நானா நினைக்கலப்பா. அதுவா வருது. வேண்டாம் வேண்டாம்னாலும் வருது."

பாப்பா என்பது ஏழு மாதத் தம்பி. அவன் என்றால் அவளுக்கு உயிர்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாதுடா கண்ணு. அப்பா இருக்கேன்ல?" என்றார். அன்றைக்கே வீட்டில் இருந்த கத்தரிகளை எல்லாம் அள்ளிப் பூட்டினார். அவள் பள்ளிக்கூடம் போன பிறகுதான் துணி வெட்டுவார். வேலை தேங்கியது. தைக்கக் கொடுத்தவர்கள் வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார்கள். பெற்ற பெண்ணுக்காக இதைக்கூடத் தாங்காவிட்டால் நான் என்ன அப்பன் என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

இப்போது பூட்டை உடைத்தது யார்?

உள்ளறைக்கு ஓடினார். மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. கையில் அந்தப் பெரிய கத்தரி. கன்னமெல்லாம் கண்ணீர். அவளுக்கு எதிரே அவர் மனைவி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வருதும்மா. பயமா இருக்கும்மா. வாங்கிக்கோங்கம்மா."

"வரட்டும். நான் வாங்க மாட்டேன்."

டெய்லருக்குக் கோபம் தலைக்கேறியது. பாய்ந்து போய் மகளின் மடியிலிருந்து குழந்தையைப் பிடுங்கினார். அது வீரிட்டு அலறியது.

"ஏன்டி, நீயெல்லாம் ஒரு தாயா? பயந்து சாகிற பிள்ளை கையில கத்தரியைக் கொடுத்துட்டு வேடிக்கையா பார்க்கிறே?"

"கத்தாதீங்க. டாக்டர் சொல்லித்தான் செய்யறேன்."

"எந்த டாக்டர்?"

"மனநல டாக்டர். நாலு வாரமா கூட்டிட்டுப் போறேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்காம, என் பொண்ணைப் பைத்தியம்னு ஆக்கிட்டியா?"

"ஒரு வார்த்தையா? மூணு தடவை கேட்டேன்! ஊரே சிரிக்கும்னு என் வாயை அடைச்சது யாரு?" அவளும் எழுந்துவிட்டாள். "ஒளிச்சு வைக்க வைக்கத்தான் பயம் ஏறுமாம். கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கணுமாம். முதல்ல கத்தரி படம். அப்புறம் மாடி வீட்டுல வாங்கின சின்னக் கத்தரி. இன்னைக்குத்தான் பெருசு. டெய்லர் பொண்டாட்டி கத்தரிக்கு இரவல் போய் நின்னேன், தெரியுமா உங்களுக்கு?"

"குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தா? உன் டாக்டரா வந்து பதில் சொல்லுவார்?"

"ஆகாது. அந்த நினைப்புக்கே இப்படிப் பதறுற பிள்ளை அதைச் செய்ய மாட்டா. எனக்கு என் பொண்ணைத் தெரியும். உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கா தெரியாது? ஒரு எறும்பைக்கூட மிதிக்க மாட்டா என் பொண்ணு!"

தொண்டை கிழியக் கத்தினார். கத்திக்கொண்டே குழந்தையை நெஞ்சோடு இறுக்கி, சுவரோரமாகப் பின்னால் நகர்ந்தார்.

"கத்தரியைப் பிடுங்கியிருந்தாக்கூடப் பொறுத்திருப்பேன்" என்றாள் மனைவி, பல்லைக் கடித்துக்கொண்டு. "பிள்ளையைப் பிடுங்கினீங்க பாருங்க."

மகள் கத்தரியைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தாள். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் வந்தாள். அவர் இன்னும் ஓரடி பின்னால் போனார். முதுகு சுவரில் இடித்தது.

அவர் குழந்தையை அவளுக்கு எட்டாமல் தோளுக்கு மேலே தூக்கிக்கொள்வதை அவள் பார்த்தாள். முகத்தில் வியர்வை வழிவதையும் பார்த்தாள்.

"அப்பா, நான் பாப்பாவைக் குத்துற மாதிரி உங்களுக்கும் நினைப்பு வருதா?"

டெய்லரின் கண் தரையில் கிடந்த கத்தரிக்குப் போனது.

அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்கப்பா. அது வெறும் நினைப்புதான். நீங்களும் எங்களோட டாக்டர்கிட்ட வாங்க, சரியாப் போயிடும்."