விற்றது ஒன்று

ஐந்து ஊர் சுற்றியும் என் புது நாவல் கட்டு பிரிக்கப்படவில்லை. காரைக்குடியிலும் கையெழுத்துக்கு நீள வரிசைதான். வாரப் பத்திரிகையில் தொடராக வந்ததைக் கிழித்து, பைண்டு செய்து கொண்டுவந்திருந்தார்கள். அப்புறம் புத்தகத்தை யார் வாங்குவது?

பஸ்ஸுக்கு எழுந்தபோது ஓர் ஆச்சி வந்தார்.

"புத்தகம் ஒண்ணு குடுங்க."

அவசரமாகக் கட்டைப் பிரித்துக் கொடுத்தேன். பேனாவைத் திறந்தேன்.

"பேர் சொல்லுங்க ஆச்சி."

"கண்ணம்மை. செத்த இருங்க. பதினேழாம் அத்தியாயம் எங்குட்டு இருக்கு?"

காட்டினேன். அந்த ஆறு பக்கங்களையும் நிதானமாகக் கிழித்தெடுத்தார்.

"இந்திக் கலாட்டாவுல பஸ் ஓடலை, அந்த வாரப் பத்திரிகை வரலை. என்ன எழுதியிருந்தீகன்னு ஒரு வருசமாத் தூக்கமில்லை."

பையிலிருந்து தன் பைண்டை எடுத்து, பக்கங்களை அதில் செருகி என்னிடம் நீட்டினார்.

"இப்பத்தான் முழுப் புத்தகம். கையெழுத்துப் போடுங்க."