நாற்பதாம் பக்கத்துக் கொண்டை ஊசி

சொல்வதெல்லாம் சத்தியம், ஒரு சொல் பொய்யென்றாலும் என் மீசையைக் கழுதை மேயட்டும்!

நூலகப் பெட்டியைச் சுமந்து ஒரு மாட்டு வண்டி ஊர் ஊராகப் போய்வந்தது. ஓர் ஊரில் பதினைந்தே நாள். பன்னிரண்டு ஊர் சுற்றித் திரும்ப ஆறு மாதம். பெட்டிக்குள் இருந்த கதைப் புத்தகத்துக்குப் பூலாங்குளத்துச் செல்லக்கிளி நினைப்பாகவே இருந்தது. உப்பு விற்கிறவள், ஓயாத இருமல்காரி, ஐம்பது வயதில் எழுத்துக்கூட்டப் படித்தவள். பதினைந்து நாளில் நாற்பது பக்கம்தான் முடிந்தது. அங்கே தன் கொண்டை ஊசியைச் செருகி, "மிச்சத்த வந்து சொல்லு, தாயி" என்று அனுப்பியிருந்தாள்.

"எட்டி நடண்ணே," என்று கெஞ்சியது புத்தகம்.

"அவ எங்க ஓடிறப் போறா?" என்று மாடு நிழல் கண்ட இடமெல்லாம் படுத்தது.

ஊசி நழுவாமல் இறுக்கிப் பிடித்தபடி, பத்து நாள் பிந்தி, புத்தகம் பூலாங்குளம் வந்தது. வண்டியைச் சூழ்ந்த கூட்டத்தில் செல்லக்கிளி இல்லை.

"போன வாரம் போய்ச் சேந்துட்டா," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "அதுவரைக்கும் வாசல்லயே ஒக்காந்து வண்டியப் பாத்துக்கிட்டிருந்தா."

அன்றிலிருந்து அந்த மாடு நிழலில் நின்றதில்லை. புத்தகத்தை யார் திறந்தாலும் நாற்பதாம் பக்கமே விரிகிறது.

நான் சொன்னதாக யாரிடமும் மூச்சு விடாதீர்கள். தான் படுத்துக் கிடந்தது ஒருவருக்கும் தெரியாதென்று மாடு இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறது.